மூன்றாவது பிணம்

யங்ஸ்டவுனில் உருக்காலையை மூடியபோது
யாகுபெக்கின் கைக்கு வந்த கடைசிக் காசில்
வீட்டுக் கூரையை மாற்றியிருக்கலாம்.
மனைவி அதைத்தான் சொன்னாள்.
அவர் பேய்ப்படம் எடுத்தார்.

பேய் என்பது
இரண்டு மெத்தையின் பஞ்சு, பதினான்கு மழைக்கோட்டு,
ஒரு லாரி டியூப்,
கண்ணுக்கு ஊறுகாய் பாட்டில் மூடி இரண்டு.
முதுகில் ஜிப்.
மறைக்கத் துணி போதவில்லை.
முதுகைக் காட்டாதே, காட்டாதே என்று
கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார்.
உள்ளே இருந்த தபால்காரர் லாஸ்லோவுக்குக் கேட்கவில்லை,
காதை அடைத்து அத்தனை பஞ்சு.

எண்பத்து மூன்று, பிப்ரவரி.
மூடிக்கிடந்த பௌலிங் கூடம்.
கணப்புக்குக் காசில்லை.
காதல் வசனம் பேசியவர்கள் வாயிலும் புகை,
கொலைகாரன் வாயிலும் புகை.
சோளப்பாகும் சாயமும் கலந்த இரத்தம்
வாளியிலேயே இறுகிப்போக,
அடுப்பில் வைத்து இளக்கி
கழுத்துக் கழுத்தாக ஊற்றினோம்.
அன்றைக்கு அந்தக் கூடத்தில்
வெட்டுப்பட்டவர்களுக்கு மட்டும்தான் கதகதப்பு.

அந்தப் படத்தில் எனக்கு முகம் இல்லை.
யாகுபெக்கின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு
ஒரே ஒரு முறை அலறினேன்.
அதை ஆறு துண்டாக நறுக்கி
ஆறு சாவுக்கும் வைத்தார்.
பாதிரியார் செத்தாலும் என் குரல்.
லாரிக்காரர் செத்தாலும் என் குரல்.

மூன்றாவது பிணம் என் தம்பி எமில்.
சம்பளம் அரை பீட்ஸா.
ஐந்தாம் தடத்தில் மல்லாந்து கிட,
இருபது எண்ணும்வரை மூச்சு விடாதே,
அவ்வளவுதான் நடிப்பு.
பன்னிரண்டுவரை தாக்குப்பிடித்தான்.
அப்புறம் மூக்கிலிருந்து
தேநீர்க் கோப்பையில் எழுவதுபோல
மெல்லிசாக ஒரு வெள்ளைப் புகை.
இன்னொரு முறை எடுக்க
பிலிம் சுருள் மிச்சமில்லை.
முதல் காட்சியன்று எமில் வெட்கத்தில்
நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டான்.
யாகுபெக் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

ஒரு வாரம் ஓடி மறைந்த படம்
வீடியோ கடைகளின் கீழ்த்தட்டில் தூசு தின்று பிழைத்தது.
நகலின் நகலின் நகலில்
பேய்க்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது,
ஜிப் தெரியவில்லை.
இப்போது துடைத்துத் துலக்கிவிட்டார்கள்.
பிட்ஸ்பர்க்கில் ஒரு பழைய தியேட்டர்,
வருஷத்துக்கு ஒரு நள்ளிரவு.
படம் எடுத்தபோது பிறந்திராத பிள்ளைகள்
மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.
அசட்டு வசனமெல்லாம் மனப்பாடம்.
ஜிப்புக்கு எழுந்து நிற்கிறார்கள்.

கேலி என்றுதான் முதல் வருஷம் நினைத்தேன்.
பச்சைத் தலைமுடிக்காரி ஒருத்தி,
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலையாம், சொன்னாள்:
காசு கொட்டிய படத்தில் பயம் வரும்,
ஆள் வரமாட்டார்.
இதில் எந்த மூலையைப் பார்த்தாலும்
யாரோ ஒருவருடைய கை
கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது.
அது என் கையாகவும் இருக்கலாம் என்றேன்.
அவள் நம்பவில்லை.

தொண்ணூற்றொன்றில், எமிலின் கட்டிலருகே,
நானும் எண்ணினேன்.
பன்னிரண்டு தாண்டியது.
இருபது தாண்டியது.
நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோது
நூற்று நாற்பது.

கடைசி வரிசை, ஓர நாற்காலி.
அவன் விழுந்ததும் அரங்கமே எண்ணத் தொடங்கும்,
நானூறு குரல்.
ஒன்பது, பத்து, பதினொன்று.
நான் மட்டும் எண்ணமாட்டேன்.
கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
பன்னிரண்டு.
எழுகிறது புகை.
தொப்பிகள் பறக்கின்றன, விசில்,
யாரோ பாப்கார்னை வாரி இறைக்கிறார்கள்
கல்யாண அரிசிபோல.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள்
நான்காவது ஆள் திரும்பிப் பார்த்து
வாயைத் திறக்கிறார்.
வருவது என் குரல்,
இருபத்து மூன்று வயது,
குளிரில் கொஞ்சம் பிசிறு தட்டியிருக்கிறது.